சுங்கை சிப்புட் அக்கா கடை: இனிப்பு நீரு (நீரிழிவு) உள்ளவங்க தைரியமா உக்காந்து சாப்பிடலாம்

மலேசியாவுல பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்ல பழைய கடைத்தெரு பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கு, போர்டு கிடையாது, எல்லாரும் அக்கா கடைன்னுதான் சொல்லுவோம். ஆறு மேசை, ரெண்டு காத்தாடி, பின்னாடி விறகடுப்பு ஒண்ணு கேஸ் அடுப்பு ரெண்டு. நான் ஸ்கூல் வேன் ஓட்டுறேன், காலையில பிள்ளைங்கள இறக்கி விட்டா அடுத்து மதியம்தான் வேலை, வீட்டுக்காரம்மா ஃபேக்டரியில ஷிஃப்டு, அதனால பசியாறுறதும் மதியச் சாப்பாடும் பதினோரு வருஷமா இந்தக் கடையிலதான். அவ்வளவு வருஷம் சாப்பிட்டும் ஒரு தடவை கூட இந்தக் கடையப் பத்தி எழுதணும்னு தோணல, இப்ப எழுதுறேன்னா காரணம் இருக்கு.

போன வருஷம் மார்ச்சுல கிளினிக் கெசிஹாத்தான்ல, அதான் அரசாங்க கிளினிக்ல, ரத்தம் எடுத்தாங்க. ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி நம்பர் எடுத்துட்டுப் போனது சளிக்கு மருந்து வாங்கத்தான், தாதி பாத்துட்டு அங்கிள் வயசு அம்பத்திரண்டு ஆச்சு சீனி பாத்துடுவோம்னு சொல்லி எடுத்தாங்க. எச்பிஏ1சி 9.8, இனிப்பு நீருன்னு சொல்லிட்டாங்க. எச்பிஏ1சிங்கிறது ரெண்டு மூணு மாசத்து ரத்தச் சீனிய மொத்தமா காட்டுற கணக்கு, அன்னிக்கு ஒரு நாள் ஜாக்கிரதையா சாப்பிட்டுப் போய் ஏமாத்த முடியாது. மெட்ஃபோர்மின் கொடுத்தாங்க, க்ளிக்லசைட் கொடுத்தாங்க, ரெண்டும் சீனி இறக்குற மாத்திரை, அப்புறம் சாப்பாட்டுக்கு ஒரு படம் போட்ட தாள் கொடுத்தாங்க. சுக்கு சுக்கு செப்பாரோன்னு அதுக்குப் பேரு, மலாய்ல கால் கால் பாதின்னு அர்த்தம், தட்டுல கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காய்கறியும் பழமும். எங்கம்மாகிட்ட சொன்னப்ப சுக்குக் காப்பி குடிக்கச் சொல்றாங்கன்னே நினைச்சிட்டாங்க, ரெண்டு நாள் போட்டும் கொடுத்தாங்க.

படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அந்தத் தட்டு எந்தக் கடையில கிடைக்கும்? நம்ம கடைங்கள்ல தட்டு முழுக்க சோறு, ஓரத்துல ரெண்டு கரண்டி காய், மேல குழம்பு. வீட்ல ஆள் சமைச்சுப் போட்டா அது வேற கதை, என்னை மாதிரி வெளிய சாப்பிடறவனுக்குச் சோறு போடுற கைதான் மருந்து கொடுக்கற கைக்குச் சமம். இதை நான் மனசாரச் சொல்றேன்.

சீனி பாக்குற மீட்டர் ஒண்ணு வாங்கினேன், ஸ்ட்ரிப் ஒண்ணு ஒரு வெள்ளிக்கு மேல வருது, கண்டபடி குத்திப் பாக்க முடியாது. அதனால ஒரு கணக்கு வச்சுக்கிட்டேன், வாரத்துக்கு ரெண்டு நாள், சாப்பிடறதுக்கு முன்ன ஒண்ணு, முதல் வாய் வச்சதுலேருந்து ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு, என்ன சாப்பிட்டேன்னு பிள்ளைங்க விட்டுட்டுப் போன ஒரு கணக்கு நோட்டுல எழுதிடுவேன். சாப்பிடறதுக்கு முன்ன 4.4லேருந்து 7க்குள்ள, சாப்பிட்டப்புறம் 8.5க்குள்ள இருக்கப் பாருங்கன்னு கிளினிக்ல சொல்லியிருந்தாங்க. இந்தியாவுலேருந்து வர்ற வீடியோவுல 180, 200ன்னு சொல்லுவாங்க, அது வேற அளவு, நம்ம நம்பர 18ஆல பெருக்கினா அவங்க நம்பர் வரும், முதல்ல இது தெரியாம நிறைய பேரு குழம்பிப் போறாங்க.

முதல் நாள் வழக்கம் போல சாப்பிட்டுப் பாத்தேன். மூணு அகப்பை சோறு, பொரிச்ச கோழி, உருளைக்கிழங்கு பிரட்டல், கொஞ்சம் முட்டைகோஸ், சீராப் (இனிப்பு சர்பத்) ஒரு கிளாஸ். முன்ன 7.6, பின்ன 15.2. நோட்டுல அந்த 15.2 எழுதினப்ப எனக்கு எங்க பெரியப்பா ஞாபகம் வந்துடுச்சு, தோட்டத்துல மண்டோரா (மேற்பார்வைக்காரரா) இருந்தவரு, கட்டை விரல்ல புண்ணு, அப்புறம் பாதம், அப்புறம் முட்டி வரைக்கும் எடுத்தாங்க, கடைசி மூணு வருஷம் லயத்து வாசல்ல நாற்காலியிலயே இருந்தாரு. அவரு தப்பா ஒண்ணும் சாப்பிடல, எல்லாரும் சாப்பிட்டதத்தான் சாப்பிட்டாரு.

சோத்தக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. எங்கப்பா விடியக்காலை அஞ்சு மணிக்கு நெத்தியில விளக்கு கட்டிக்கிட்டுப் போவாரு, நானூறு ஐந்நூறு ரப்பர் மரத்தச் சீவி, திரும்ப ஒவ்வொரு மரமா பால் எடுத்து, வாளி தூக்கிக்கிட்டு மேடு பள்ளம் ஏறி ஸ்டோருக்கு நடந்து வருவாரு, அதுக்கு அப்புறம் ஒரு மங்கு நிறையச் சோறு, அது அவருக்குச் சரி. நான் உக்காந்த இடத்துலயே ஸ்டியரிங் பிடிக்கிறேன், மங்கு மட்டும் அப்பாவோடது. ஒரு கப்பு சோத்துல கிட்டத்தட்ட 45 கிராம் மாவுச்சத்து இருக்கு, நான் சாப்பிட்டது அந்த மாதிரி ரெண்டரை கப்பாவது இருக்கும், அவ்வளவும் ரத்தத்துல சீனியாத்தான் வந்து நிக்கும், எரிக்க வேலை இல்ல.

அடுத்த நாள் கூட்டம் இல்லாத நேரமா பாத்து அக்காகிட்ட போய்ச் சொன்னேன், அக்கா எனக்கு இனிப்பு நீரு வந்துடுச்சு, சோறு ஒரு அகப்பை போதும்னு. இதைச் சொல்ல எனக்கு எவ்வளவு கூச்சமா இருந்துச்சுன்னா, வேற கடையில ஒரு தடவை இப்படிக் கேட்டு அந்தக் கடைக்காரரு என்னா தம்பி காசு இல்லியான்னு எல்லாரு முன்னாடியும் கேட்டுட்டாரு. நம்ம ஆளுங்ககிட்ட சோறு வேண்டாம்னு சொல்றது பாசத்த வேண்டாம்னு சொல்ற மாதிரி. அக்கா ஒண்ணும் பேசல, தட்டத் திருப்பி வச்சாங்க, முதல்ல பாதித் தட்டுக்குக் காய அள்ளிப் போட்டாங்க, அப்புறம் மீனு, அப்புறமாத்தான் ஒரு ஓரத்துல சோறு. "எங்க வீட்டுக்காரருக்கும் இருந்துச்சு தம்பி, எனக்கு யாரும் அப்ப சொல்லல" அவ்வளவுதான் சொன்னாங்க. அந்த அண்ணன் அஞ்சு வருஷத்துக்கு முன்ன தவறிட்டாரு, எனக்கு அவரு சீனிக்கு மருந்து சாப்பிட்டதே அன்னிக்குத்தான் தெரியும்.

அன்னியிலேருந்து கேக்காமலேயே எனக்கு அப்படித்தான் வருது. இப்ப அங்க சாப்பாட்டப் பத்திச் சொல்றேன்.

காய்தான் இந்தக் கடையோட பலமே. தினம் ஏழெட்டு வகை இருக்கும், கங்கோங் பிளாச்சான் (இறால் விழுது போட்டு வதக்கின கீரை), முட்டை போட்ட சாயூர் மானிஸ் கீரை, பயத்தங்காய், தௌகே (முளைப்பயறு), வெண்டிக்காய், முட்டைகோஸ், செவ்வாய் வெள்ளியில முருங்கைக்கீரை, அது பக்கத்துத் தோட்டத்துலேருந்து ஒரு பாட்டி ஆய்ஞ்சே கொண்டாந்து கொடுக்குறாங்க. பாகற்காய் பிரட்டல் வட்ட வட்டமா நறுக்கி வெங்காயம் நிறையப் போட்டு நல்லா சுருள வதக்கியிருப்பாங்க, கசப்பு இருக்கும் ஆனா அந்தக் கசப்புதான் ருசி. பாகற்காய் சாப்பிட்டா மாத்திரைய நிறுத்திடலாம்னு மேசைக்கு மேசை ஒருத்தரு சொல்லுவாரு, கேக்காதீங்க, அது காய்கறிதான், மருந்து மருந்துதான். உருளைக்கிழங்கும் பூசணியும் மரவள்ளியும் காய் சட்டியில இருந்தாலும் அதுல மாவுச்சத்து இருக்கு, நான் அதைச் சோத்துக் கணக்குல வச்சுக்குவேன், உருளைக்கிழங்கு வேணும்னா அன்னிக்குச் சோறு அரை அகப்பை.

மீனு கெம்போங்தான் (அயிலை) அதிகம், புளிக்குழம்புல போட்டது, பெரிய மீனா இருந்தா ஒண்ணு போதும். நெத்திலி சம்பல் ரொம்ப ருசி ஆனா சீனி போடுறாங்க, நாக்குல வச்சாலே தெரியும், அக்காகிட்ட கேட்டேன், சீனி இல்லாம சம்பல் சம்பலா இருக்காது தம்பின்னுட்டாங்க, சரி அதுல ரெண்டு நெத்திலிய மட்டும் எடுத்துக்குவேன். கிச்சாப்புல (சோயா சாஸ்ல) பிரட்டின கோழியும் அப்படித்தான், கிச்சாப் மானிஸ்ல பேருலயே இனிப்பு இருக்கு, மலாய்ல மானிஸ்னா இனிப்பு.

சாப்பிடற வரிசையும் முக்கியம்னு கிளினிக்ல சாப்பாட்டு ஆலோசனை சொல்றவங்க சொன்னாங்க, முதல்ல காய், அப்புறம் மீனு, கடைசியா சோறு. நான் நம்பல, அதே அளவு சாப்பாட்ட ரெண்டு வாரம் ரெண்டு விதமா சாப்பிட்டுப் பாத்தேன். எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு சாப்பிட்டப்ப 10.6, 10.3. காயும் மீனும் முதல்ல சாப்பிட்டுட்டுச் சோத்தக் கடைசியில சாப்பிட்டப்ப 9.1, 8.8. எல்லாரு உடம்புக்கும் இதே நம்பர் வராது, ஆனா எனக்கு வித்தியாசம் நோட்டுலயே தெரியுது. அதோட சாப்பிட்டுக் கையக் கழுவினதும் தண்டவாளப் பக்கமா ஒரு கால் மணி நேரம் நடந்துட்டு வந்தா இன்னும் குறையுது, 8க்குக் கீழ பாத்த நாளெல்லாம் நடந்த நாளுதான்.

இப்ப குறை. காலையில சுவத்துல ஒட்டி வச்சிருப்பாங்க, கேழ்வரகுக் கஞ்சி, இனிப்பு நீருக்கு நல்லதுன்னு. நம்பி ஒரு மாசம் அதையே குடிச்சேன், பெரிய கிளாஸ், வெறும் மோர் ஊத்தி உப்புப் போட்டுத்தான், சீனி சுத்தமா இல்ல. ஒரு நாள் சந்தேகம் வந்து குத்திப் பாத்தா 13.4. கேழ்வரகுல நார்ச்சத்து உண்டு, சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு, அதெல்லாம் உண்மை, ஆனா அதுவும் தானியம்தான, மாவா நைஸா அரைச்சுக் குழையக் காய்ச்சிக் குடிச்சா சரசரன்னு ஏறிடும். அதே கேழ்வரகுல அக்கா சனிக்கிழமை ரொட்டி தட்டுவாங்க, வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டுக் கனமா, அது ஒண்ணும் அவிச்ச முட்டை ரெண்டும் சாப்பிட்டா 9 கிட்டதான் நிக்குது. நோட்டக் கொண்டு போய் அக்காகிட்ட காட்டினேன், அவங்களுக்கு முகம் வாடிப் போச்சு, நல்லதுன்னுதான தம்பி ஒட்டினேன்னாங்க. அடுத்த வாரம் அந்தத் தாளு இல்ல. அதுக்காகவே இந்தக் கடைமேல எனக்கு மரியாதை கூடிப் போச்சு.

இடியாப்பமும் அப்படித்தான், பாக்க லேசா இருக்கும், நாலு சாப்பிட்டேன் தேங்காப்பாலும் சீனியும் இல்லாம வெறும் சொதியோட, 13ஐத் தாண்டிடுச்சு. சப்பாத்தி சாப்பிட்டா சீனி ஏறாதுன்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட ரொம்ப நாளா இருக்கு, மூணு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் எனக்கு 11.9. ரெண்டு சப்பாத்தியும் கெட்டிப் பருப்பும்னா பரவாயில்ல. ரெண்டு தோசை, சாம்பாரு, அவிச்ச முட்டை ஒண்ணு, இது 9.4, இப்ப என்னோட வழக்கமான பசியாறல் இதுதான். சாம்பாருல காய் நிறையப் போட்டுத் தரச் சொன்னா போட்டுத் தர்றாங்க.

தேத்தண்ணி கலக்குற அண்ணன் ஒருத்தரு இருக்காரு, அவரப் பத்தித் தனியா சொல்லணும். நான் வருஷக்கணக்கா தே தாரேக் கூராங் மானிஸ்தான், அதான் இனிப்பு குறைச்சு ஆத்தின பால் தேத்தண்ணி, குடிச்சிக்கிட்டு இருந்தேன், சீனி குறைச்சுத்தான குடிக்கிறோம்னு ஒரு திருப்தி. ஒரு நாள் பக்கத்துல நின்னு பாத்தேன், சீனி போடல, உண்மைதான், ஆனா டின் பாலு ரெண்டு கரண்டிக்குப் பதில் ஒண்ணரைக் கரண்டி. அந்த டின் பாலே பாதி சீனிதான. ஒரு நாளைக்கு மூணு கிளாஸ் நான். அண்ணன்கிட்ட சொன்னதும் "அப்ப தே ஓ கோசோங்குக்கு மாறிடுங்க தம்பி, இஞ்சி தட்டிப் போட்டுத் தர்றேன் கசக்காது"ன்னாரு. தே ஓ கோசோங்னா பாலும் சீனியும் இல்லாத வெறும் தேத்தண்ணி. முதல் வாரம் குடிக்கவே முடியல, மூணாவது வாரம் பழகிடுச்சு, இப்ப சீராப்ப வாயில வச்சாத் திகட்டுது. பால் வேணும்னா தே சி கோசோங், ஆவியாக்கின பால் மட்டும், சீனி இல்லாம. அரசாங்கம் 2019 ஜூலையில டின்னுல போத்தல்ல வர்ற இனிப்புத் தண்ணிக்கு வரி போட்டாங்க, கடையில கலக்குற தேத்தண்ணிக்கு யாரு வரி போடுறது, அந்தக் கரண்டியப் பிடிச்சிருக்கற அண்ணன்தான் நமக்கு எல்லாம்.

ஜூன் மாசம் நடந்தது ஒண்ணு இருக்கு, கண்டிப்பா சொல்லியாகணும். நம்பர் இறங்க இறங்க எனக்கு ஆசை கூடிப் போச்சு, ஒரேயடியா சோத்த விட்டுடலாம்னு. அன்னிக்குக் காலையில மாத்திரைய வழக்கம் போல போட்டுட்டேன், காலைச் சாப்பாடு சாப்பிடல, தே ஓ கோசோங் மட்டும். பதினொண்ணரைக்குக் கடைக்கு வந்து காயும் முட்டையும் சாப்பிட்டேன், சோறே இல்ல. பன்னெண்டேகாலுக்கு எழுந்தா கை நடுங்குது, சட்டை நனைஞ்சு போச்சு, சாவிய எங்க வச்சேன்னு தெரியல, எதிர்ல அக்கா பேசுறது எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருக்கு. அக்காதான் பிடிச்சு உக்கார வச்சு மீட்டர எடுடான்னு சத்தம் போட்டாங்க, 3.3. அண்ணன் மூணு டீஸ்பூன் சீனியத் தண்ணியில கலக்கிக் கொடுத்தாரு, கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பப் பாத்தா 4.7, அப்புறம் கொஞ்சம் சோறும் பருப்பும் ஊட்டாத குறையா சாப்பிட வச்சாங்க. பள்ளிக்கூட வாசல்ல பன்னெண்டு பிள்ளைங்க எனக்காக நிக்குதுங்க. அக்கா வேனு சாவிய வாங்கி கல்லாப் பெட்டியில போட்டுப் பூட்டிட்டாங்க, இன்னொரு வேன்காரருக்கு ஃபோன் போட்டு அவரு போய் ஏத்திக்கிட்டு வந்தாரு. அந்த நேரத்துல நான் ரோட்டுல இருந்திருந்தா, அதை நினைச்சா இப்பவும் எனக்கு வயித்தப் புரட்டுது.

மறுநாள் கிளினிக்குப் போய் நோட்டக் காட்டினேன். டாக்டரு திட்டல, க்ளிக்லசைட் சாப்பாட்டப் பாக்காம சீனிய இறக்கிக்கிட்டே இருக்கும், மாவுச்சத்தக் குறைக்கணும்னா முதல்ல வந்து சொல்லுங்க, மாத்திரைய நாங்க குறைப்போம்னு சொல்லி அளவப் பாதியாக்கினாரு. 4க்குக் கீழ போனா உடனே சீனித் தண்ணி, 5க்குக் கீழ இருந்தா வண்டியத் தொடக் கூடாதுன்னு சொன்னாரு. இப்ப தினமும் வேன் எடுக்கறதுக்கு முன்ன ஒரு ஸ்ட்ரிப், காசு போனாப் போகுது, சட்டைப் பையில எப்பவும் குளுக்கோஸ் மிட்டாய். இன்சுலின் போடுறவங்களும் இந்த மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்களும் யாரோ சொன்னாங்கன்னு சோத்த நிறுத்தாதீங்க, தயவு செஞ்சு.

விலை சொல்றேன். சோறு, மூணு காய், கெம்போங் மீனு ஒண்ணு, 8.50 வெள்ளி. மத்த கடையில சோறு நிறைய, காய் கொஞ்சம், 7 வெள்ளிக்கு முடிஞ்சுடும், ஏன்னா சோறுதான் மலிவு. சோறு குறைச்சலா வாங்குறவருக்கு அக்கா மூணாவது காய்க்குக் காசு எடுக்க மாட்டாங்க, அப்படி இருந்தும் காய்கறி விலை ஏறுன மாசம் 9.50 ஆச்சு. தினக்கூலிக்காரருக்கு இது பாரம்தான், அதை மறைக்க முடியாது. இன்னொரு குறை, சிவப்பரிசியோ கைக்குத்தல் அரிசியோ கிடையாது, வச்சுப் பாத்தாங்களாம் போகலயாம். பொரிச்ச எண்ணெய் மதியத்துக்கு மேல கருத்துடுது, அதனால ஒரு மணிக்கு மேல பொரிச்சது எதையும் நான் எடுக்கறதில்ல. பழம்னா வாழைப்பழம் மட்டும்தான், கொய்யா வெட்டி வைங்கன்னு நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

2019ல சுகாதார அமைச்சு எடுத்த நாடு தழுவிய ஆய்வுல வயசு வந்தவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவுன்னு வந்துச்சு, நம்ம இந்தியர்கள்ல மட்டும் பாத்தா 31.4 சதவீதம், மூணுல ஒருத்தர் கிட்ட. அப்ப இந்த ஆறு மேசையில எத்தனை பேரு, நான் சொன்னதுக்கப்புறம் கவனிச்சுப் பாத்தேன், செம்பனைத் தோட்டத்துலேருந்து மோட்டாருல வர்ற ரெண்டு மாமாங்க, பத்திரம் எழுதுற அண்ணன், டெய்லர் அக்கா, ஒவ்வொருத்தரா மெல்ல வந்து எனக்கும் தம்பிக்குப் போட்ட மாதிரியே போட்டுடுங்கன்னு சொல்றாங்க. ஒருத்தரும் சத்தமா சொல்றதில்ல. அக்கா இப்ப எல்லாருகிட்டயும் அகப்பைய எடுக்கறதுக்கு முன்ன "சோறு எவ்வளவு"ன்னு ஒரு வார்த்தை கேக்குறாங்க. நான் பாத்த வரைக்கும் இந்த ஊருல வேற எந்தக் கடையிலயும் அதைக் கேக்கறதில்ல.

ஜனவரியில எடுத்த ரத்தத்துல எச்பிஏ1சி 7.1 வந்துச்சு. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்ல மோரும் வெறுந்தண்ணியும்தான் குடிச்சேன், பாயசம் ரெண்டு வாய்.

கடை காலையில ஆறரைக்குத் திறப்பாங்க, மூணு மணிக்கு முடிஞ்சிடும், ஞாயித்துக்கிழமை லீவு. வெள்ளிக்கிழமை சைவம், மீனுக்குப் பதிலா தௌஃபு, தெம்பேன்னு சோயாவுல செஞ்சது, கடலை சுண்டல் இருக்கும், சுண்டல் பன்னெண்டரைக்குள்ள தீர்ந்துடும், வேணும்னா முன்னாடியே எடுத்து வைக்கச் சொல்லுங்க. பொட்டலம் கட்டச் சொன்னா உதவிக்கு நிக்கிற பையன் பழக்கத்துல மூணு அகப்பை போட்டுடுவான், அக்கா கையால கட்டச் சொல்லி வாங்கிக்குங்க.